போன செவ்வாய்க்கிழமைக் கோடு

புரொபசர் மேடை ஏறினால் கருப்பை பேச ஆரம்பித்துவிடும். "கருப்பை பேசுகிறது, நாம் காது கொடுக்கிறோம்" என்பதுதான் அவருடைய தொடக்க வாக்கியம். மாநாடு மாநாடாகச் சொல்லிச் சொல்லி, அந்த வாக்கியம் அவருடைய கோட்டுப் பையிலேயே குடியேறிவிட்டது. கையை விட்டால் போதும், வந்துவிடும்.

"அது பேசுதோ இல்லையோ, பேசறதுக்கு இவர் எங்க இடம் குடுக்கிறார்?" என்று பெரிய சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்பார். மாதம் நிறைவதற்குள் வந்துவிடத் துடிக்கும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே இருந்த வார்டு அது. அங்கே அவ்வளவு தைரியமாகப் பேச அவரால் மட்டும்தான் முடியும்.

கருப்பை பேசுவதைக் கேட்க ஒரு பெல்ட் இருந்தது. கர்ப்பிணியின் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டால், கருப்பைத் தசை இறுகும்போது எழுகிற மெல்லிய மின்சாரத்தைப் பிடித்துத் திரையில் பச்சைக் கோடாக வரையும். அமைதியான கருப்பை என்றால் கோடு தட்டையாக ஓடும். வலி கிளம்புகிறதென்றால் மேடு மேடாக எழும். மேடுகளைப் படித்து, பிள்ளை அவசரப்படுகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது ஆய்வு. நடைமுறையில், அந்தப் பெண் தும்மினாலும் மேடு, சிரித்தாலும் மேடு, பக்கத்துக் கட்டில்காரி செல்போனில் மாமியாரோடு சண்டை போட்டாலும் மேடு. கட்டுரைகளில் இதற்குப் 'புறச்சத்தம்' என்று கௌரவமான பெயர் கொடுத்திருந்தார்கள்.

பெல்டைக் கட்டுவது, கழற்றுவது, அறுந்ததை ஒட்டுவது எல்லாம் ஒரே ஆள். அவன் கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வயர் தொங்கும். அதனால் அவனுக்கு வயர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், அவனுடைய தங்கை படுத்திருந்தாள். முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே வந்து, அழக்கூட அழாமல் போய்விட்டது. இரண்டாவது தங்கியதும் அண்ணன்தான் கையோடு அழைத்து வந்தான். "எங்க சார் உலகத்துக்கே பாடம் எடுக்கறவரு. பெல்ட் இருக்கு, நான் இருக்கேன், அப்புறம் என்ன பயம்?" கருப்பை வாயின் நீளம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது, எழுந்து நடக்கக் கூடாது என்று படுக்கவைத்துவிட்டார்கள். அவள் கணவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. சிக்னல் கிடைக்கும்போது மட்டும் கணவனாக இருப்பான்.

காலையில் பெல்டைக் கட்டியதும் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்வாள்.

"அண்ணா, இடுப்புல என்னமோ பண்ணுது."

"கோட்டைப் பாரு. தட்டையா போகுதா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல" என்று அவளும் சொல்வாள். இடுப்பில் பண்ணியது அதோடு நின்றுவிடும். முதல் முறை அவள் தன் உடம்பை நம்பியிருந்தாள். 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே அது அவளைக் கைவிட்டுவிட்டது. இந்த முறை அவள் நம்பியது திரையை. நம்பக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன்.

இந்த நேரத்தில்தான் புதிய ஆய்வு மையம் கட்டி முடிந்தது. கண்ணாடிக் கதவு, தரையில் முகம் பார்க்கலாம், வாசலில் புரொபசரின் ஆளுயரப் படம். படத்தில் ஒரு கர்ப்பிணியும் உண்டு, ஆனால் வயிறு மட்டும்தான். தலை சட்டத்துக்குள் அடங்கவில்லை. திறப்பு விழாவில், சிறப்பு விருந்தினர் முன்னால், பெல்டை நேரடியாக இயக்கிக் காட்டுவதென்று முடிவானது. யார் வந்து படுப்பது என்று கேட்டபோது, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று தூக்கம் வந்துவிட்டது. புரொபசரின் கண் வயரின் மேல் விழுந்தது.

"சும்மா படுத்திருந்தா போதும்மா" என்றான் தங்கையிடம்.

"படுக்கறதுதானே? மாசக்கணக்கா அதைத்தானே பண்றேன். அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் கோட்டில் ஒரு மேடு விழுந்தது.

ஒத்திகையில் சிக்கல் வந்தது. மண்டபத்தில் ஒலிபெருக்கியும் கட்டிலும் பக்கம் பக்கம். புரொபசர் 'க' என்றால் கோட்டில் ஒரு மேடு. 'கருப்பை' என்றால் மூன்று.

"என்னப்பா இது, குரங்கு மாதிரி குதிக்குது?"

"மைக் சத்தம் சார். நீங்க பேசறதை பெல்ட் பிடிச்சுக்குது. நீங்க பேசாம இருந்தா…"

"நான் பேசாம விழா எப்படிப்பா நடக்கும்?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தாரென்றால் யோசனை வந்துவிட்டதென்று அர்த்தம்.

"பழைய பதிவுல நல்ல கோடு ஏதாவது இருக்கா?"

"போன செவ்வாய்க்கிழமை எடுத்தது இருக்கு சார். தண்ணி மாதிரி ஓடும்."

"யாரோடது?"

"தங்கச்சியோடதுதான்."

"அப்புறம் என்ன! அவ வயிறு, அவ கோடு. இதுல எங்கே பொய் இருக்கு? கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். வானத்துல நட்சத்திரம் பார்க்கறோம், அது என்ன இன்னிக்குக் கிளம்பின வெளிச்சமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே. தெரிஞ்சா முகத்துல காட்டிடுவா."

வயர் தலையை ஆட்டினான். தலையாட்டுவது அந்த வேலையில் பெல்ட் கட்டுவதைவிட முக்கியமான பகுதி.

விழா நாளன்று காலையிலேயே அவளைத் தள்ளுகட்டிலில் மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மையத்தின் சின்னம் அச்சிட்ட புதுப் போர்வை போர்த்தினார்கள். சின்னம் சரியாக வயிற்றின் உச்சியில் வரவேண்டுமென்று இரண்டு பேர் இழுத்து இழுத்துச் சரிசெய்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை. அதில் போன செவ்வாய்க்கிழமை அழகாக ஓடிக்கொண்டிருந்தது. வயரின் லேப்டாப்பில் மட்டும், ஒரு மூலையில் தீப்பெட்டி அளவு ஜன்னலில், இன்றைய கோடு குதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட அவனுக்கு ஏனோ மனசு வரவில்லை.

சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. மைக் சரிபார்ப்பவன் 'ஹலோ, ஹலோ' என்று ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் வயர் தற்செயலாகப் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தங்கையின் காலைப் பார்த்தான். விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி, இறுகி, மெல்லப் பிரிந்தன. சற்றுப் பொறுத்து மறுபடியும் மடங்கின.

கிட்டே போனான். "என்னம்மா பண்ணுது?"

"இடுப்புலேர்ந்து முன்னால ஏதோ இழுக்கற மாதிரி…" என்று ஆரம்பித்தவள், அவன் தோளுக்கு மேலாகப் பெரிய திரையைப் பார்த்தாள். முகம் தளர்ந்தது. "இல்லண்ணா, ஒண்ணுமில்ல. கோடு நல்லா இருக்கு பாரு. பயத்துல எனக்கா தோணுது."

வயர் வாயைத் திறந்தான். 'அது இன்றைய கோடு இல்லை' என்று நாலு சொல். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார்க் கதவுகள் அறைந்து சாத்தப்பட்டன, நாற்காலிகள் தடதடத்தன, எல்லோரும் எழுந்து நின்றார்கள். புரொபசர் தூரத்திலிருந்தே அவனைப் பார்த்துக் கையை வீசினார்: இடத்துக்குப் போ.

விழா முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அவன் இடத்துக்குப் போனான்.

புரொபசர் பேசத் தொடங்கினார். கருப்பை பேசியது, நாம் காது கொடுத்தோம். தன் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தொடங்கினார். மாதத்துக்கு முன்னால் வந்து மடியும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது, அதில் நடிப்பில்லை. தழுதழுத்த குரலைக் கேட்டுக் கூட்டம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டதும் குரல் சரியாகிவிட்டது.

வயர் லேப்டாப்பின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு தாறுமாறாகக் குதித்தது. புரொபசர் பேசினால் மேடு, கூட்டம் தட்டினால் மேடு. இதில் எது அவர், எது அவள்? அவர் ஒரு நிமிஷம் வாயை மூடினால் போதும், தெரிந்துவிடும். புரொபசர் தண்ணீர்க் குவளையை எடுத்தார். வயர் மூச்சைப் பிடித்தான். அவர் குடிக்கவில்லை, குவளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே பேசினார். கருப்பையும் ஒரு குவளைதானாம். பிறகு "நிறைவாக" என்றார். வயர் கும்பிடாத குறையாக நிமிர்ந்தான். அது முதலாவது நிறைவாக.

தங்கை கட்டில் கம்பியைப் பற்றியிருந்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. கண்கள் மட்டும் பெரிய திரையில் ஆணி அடித்தது போல நின்றன. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல.

"இதோ, இந்தத் தாயைப் பாருங்கள்!" புரொபசரின் கை அவள் பக்கம் நீண்டது. "எவ்வளவு நிம்மதி! திரையைப் பாருங்கள், ஆடாத அசையாத கோடு. கருப்பை நம்மிடம் என்ன சொல்கிறது? 'எனக்கு ஒரு அவசரமும் இல்லை' என்கிறது!"

சிறப்பு விருந்தினர் அசந்துபோய்த் தலையை ஆட்டினார். கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. லேப்டாப்பின் மூலையில் கோடு கூரையை முட்டியது.

வயர் குனிந்து, கைக்கு அகப்பட்ட மைக் வயரைப் பிடித்து, சுவிட்ச் பலகையிலிருந்து ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

ஒலிபெருக்கி 'டப்' என்று செத்தது. புரொபசரின் வாய் இன்னும் இரண்டு சொற்களுக்கு அசைந்துவிட்டு நின்றது. கைதட்டலும் ஓய்ந்தது. மண்டபம் முழுக்க அப்படியொரு அமைதி. தீப்பெட்டி ஜன்னலில் கோடு சரசரவென்று இறங்கித் தட்டையானது. வயருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அவ்வளவும் சத்தம்தான், வெறும் புறச்சத்தம்…

பிறகு, யாருமே பேசாத அந்த மண்டபத்தில், கோடு மெல்லத் தலைதூக்கியது. அவசரமில்லாமல் ஏறியது, உச்சியில் நின்றது, இறங்க மறுத்தது. போர்வைக்கு வெளியே ஐந்து விரல்கள் மடங்கின. இத்தனை வருஷத்தில் பெல்ட் இவ்வளவு துல்லியமாக ஒரு மேட்டை வரைந்ததே இல்லை. பார்க்க ஒருவன்தான் இருந்தான்.

"சிஸ்டர்!" என்று கத்தினான்.

கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பெரிய சிஸ்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"என்னப்பா வயர், கரன்ட் போயிடுச்சா?" என்றார் புரொபசர்.

"தங்கச்சிக்கு வலி வந்துடுச்சு சார்."

புரொபசர் விருந்தினரைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு பெரிய திரையைப் பார்த்தார், பரிவோடு கையை நீட்டிக் காட்டினார். "வலி இருந்தா கோட்டுல தெரியுமேப்பா. பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு." தானே போடச் சொன்ன பழைய பதிவு என்பது அந்தக் கணம் அவருக்கே மறந்துபோயிருந்தது. அவ்வளவு நல்ல கோடு அது.

"ஆமாண்ணா" என்றாள் தங்கை, பற்களுக்கு நடுவிலிருந்து. "கோடு நல்லாத்தானே இருக்கு?"

"அது இன்னிக்குக் கோடு இல்லம்மா." மைக் இல்லாமலேயே மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "போன செவ்வாய்க்கிழமைக் கோடு."

"செவ்வாய்க்கிழமைன்னா?" என்று சிறப்பு விருந்தினர் பக்கத்து நாற்காலியைக் கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். கோபமோ அழுகையோ அதில் இல்லை. வழி கேட்டவளைக் கிணற்றுப் பக்கம் அனுப்பியவனைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு, வலிக்க உத்தரவு கிடைத்துவிட்டது போல, வாயைத் திறந்து அலறினாள்.

பெரிய சிஸ்டர் சின்னம் பொறித்த போர்வையை உருவி எறிந்துவிட்டு வயிற்றில் கையை வைத்தார். "கல்லு மாதிரி இருக்குடி. எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து சிஸ்டர். கோட்டுல வரலையேன்னுதான் நான் சொல்லலை."

தள்ளுகட்டில் புதுத்தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. விருந்தினரையே பக்கவாசல் வழியாக அழைத்துவந்திருந்ததால், முன்வாசலில் கட்டியிருந்த ரிப்பனை இன்னும் வெட்டியிருக்கவில்லை. பெரிய சிஸ்டர் அதைக் கட்டிலாலேயே அறுத்துக்கொண்டு போனார். மையம் அப்படித்தான் திறந்துவைக்கப்பட்டது.

பிரசவ அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"கருப்பை வாய் நல்லாத் திறந்துடுச்சு. குழந்தையோட நுரையீரல் பக்குவப்படறதுக்கு ஊசி போட்டிருக்கேன். அது உள்ளே போய் வேலை செய்ய ஒரு நாளாவது வேணும். அதுவரைக்கும் வலியை நிறுத்தி வைக்க மருந்து ஏத்தறோம். நிக்குமான்னு தெரியலை."

"நிக்கணும் டாக்டர்."

"காலைல முதல் வலியிலேயே கூப்பிட்டிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். யாருமே கவனிக்கலையா?"

வயர் கழுத்தில் தொங்கிய வயரைக் கழற்றிக் கையில் சுருட்டினான். சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினான். கவனித்தது அவன் ஒருவன்தான் என்பதை எந்த வாயால் சொல்வது?

வலி நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பிள்ளை வந்துவிட்டது. பெண். அழுதாளா என்று கேட்டான். பூனைக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம், அதை அழுகை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் பெரிய சிஸ்டர். துணியில் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். துணிதான் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை.

மறுநாள், பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் புரொபசர் வந்து நின்றார். கையில் செய்தித்தாள். 'விழா மேடையிலேயே குறைப்பிரசவத்தைக் கண்டுபிடித்த அதிசயக் கருவி' என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் அப்படித்தான் புரிந்துகொண்டாராம். மறுத்துச் சொல்ல சந்தர்ப்பமே கிடைக்கவில்லையாம்.

"குழந்தை எப்படிப்பா இருக்கு?"

"மூச்சு விட்டு விட்டு மறந்துபோகுது சார்."

புரொபசர் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. வயருக்கு அந்தக் கணம் அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வயர், அந்த அசல் கோடு. நேத்தைக்கு ஓடினது. பதிவாகியிருக்குமில்ல? அது தங்கம்ப்பா. வலி தொடங்கினதுலேர்ந்து கடைசி வரைக்கும்… யார்கிட்டயும் அப்படி ஒரு பதிவு கிடையாது."

"இருக்கு சார்."

"குட்."

"ஆனா அதுல கருப்பை பேசின இடம் கொஞ்சம்தான் சார். மத்ததெல்லாம் நீங்க பேசினதுதான்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். புரொபசர் செய்தித்தாளை நான்காக மடித்து, அந்த வாக்கியம் குடியிருக்கும் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு, வராந்தாவில் மெல்ல நடந்து போனார்.

உள்ளே, தங்கையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் விட்டிருந்தார்கள். பெட்டிக்குள் பிள்ளை, மூக்கில் குழாய், காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு சிறு விளக்கு. தோல் இன்னும் தோலாகவில்லை, உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிந்தது. பெட்டிக்கு மேலே ஒரு திரை. திரையில் ஒரு பச்சைக் கோடு.

வயர் பின்னால் வந்து நின்றதை அவள் திரும்பாமலேயே தெரிந்துகொண்டாள்.

"இது எப்போதைய கோடு?"

"இப்போதையதும்மா. இப்ப, இந்த நிமிஷம்…"

"நீ சொல்லாதே. சிஸ்டர் சொல்லட்டும்."

இது பெரிய சிஸ்டருடைய வார்டு இல்லை. தன் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அங்கே நின்றிருந்தார். வயரின் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்தார். "இப்போதையதுதான் கண்ணு. ஆனா நீ அதைப் பார்க்காதே. இங்க பாரு, வயிறு. ஏறுதா? இறங்குதா? அதுதான் கணக்கு."

மூன்று பேரும் பார்த்தார்கள். தீக்குச்சி போன்ற விலா எலும்புகளுக்குக் கீழே, ஒரு வெற்றிலை அகலம்கூட இல்லாத வயிறு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. நின்றது.

நின்றே இருந்தது. மேலே மெஷின் கத்த ஆரம்பித்தது. தங்கையின் கை காற்றைத் துழாவி, பின்னால் நின்றவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. யார் சட்டை என்று அவள் பார்க்கவில்லை. அங்கிருந்த நர்ஸ் அலட்டிக்கொள்ளாமல் வந்து, பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

"ஏய், மகாராணி. மறந்துட்டியா?"

வயிறு திடுக்கிட்டது. ஏறியது.

"இப்படித்தான் மறக்கும். நினைவுபடுத்திக்கிட்டே இருக்கணும்" என்றாள் நர்ஸ். "நிறைய பிள்ளைங்க கத்துக்கும். சிலது…" அடுத்த பெட்டியின் மெஷின் கத்தியது, அவள் அங்கே ஓடினாள்.

தங்கை சட்டையை விடவில்லை. இரவெல்லாம் தூங்காத கண்கள் தானாக மூடின, தலை தொங்கியது, சட்டென்று நிமிர்ந்தாள், மறுபடி தொங்கியது.

"கொஞ்சம் கண்ணை மூடும்மா. நான் பார்த்துக்கறேன்."

அவள் தலையை நிமிர்த்திப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"மெஷினைப் பார்க்காதே" என்றாள். "அவளைப் பாரு."

வயர் திரைக்கு முதுகைக் காட்டியபடி குனிந்தான். மூச்சின் ஆவி கண்ணாடியில் படிந்தது. அது தன் மூச்சுதான் என்று தெரிந்து, அவசரமாகத் துடைத்தான். வயிறு ஏறியது. இறங்கியது. ஏறியது. அடுத்தது வரும் வரைக்கும் அவன் கண்ணை இமைக்கவில்லை.